தொட்டுக் காட்டியவள்

சங்குமுகம், திருவனந்தபுரம்
16 ஜூலை 2025

அன்புள்ள பட்டாபி அண்ணாவுக்கு சீதாலக்ஷ்மியின் நமஸ்காரம்.

புனேயில் மழை விட்டதா? உன் காதுக்குப் புது மெஷின் வாங்கியிருப்பதாக அபிஜித் போனில் சொன்னான். வாங்கின மறுநாளே அதை மேஜை டிராயரில் போட்டுப் பூட்டிவிட்டாய் என்றும் சொன்னான். மெஷினை மாட்டிக்கொண்டு போனில் பேசினால் உன் பிள்ளைக்குத் தபால் செலவு மிச்சம். அறுபத்து நாலு வயசில் கடிதாசு எழுதிப் பெட்டியில் போட நடக்கிறவள் இந்த ஊரிலேயே நான் ஒருத்திதான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எனக்கு உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கால் சிராய்ப்பு மட்டும்தான். அம்மாவின் இரட்டைவடச் சங்கிலி போய்விட்டது.

உன் பேத்தி ஜானவிக்குக் கல்யாணத்தில் போடுவதற்கு முன் கொக்கி மாற்றலாம் என்று லாக்கரிலிருந்து எடுத்து வந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கழுத்தில் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்று பார்த்தேன், அம்மா மாதிரி இருக்கிறேனா என்று. இல்லை. அந்த வருத்தத்தில் கழற்ற மறந்து சாயங்காலம் கடற்கரைக்கு நடக்கப் போய்விட்டேன். இந்த வருஷம் இந்தக் கரையில் இரண்டு பேரிடம் பறித்திருக்கிறார்கள், நகை போட்டுக்கொண்டு நடக்காதீர்கள் என்று எங்கள் பிளாட் லிப்டில் நோட்டீஸே ஒட்டியிருக்கிறது. தினமும் படிக்கிறேன்.

பின்னாலிருந்து ஒரு கை வந்தது. சங்கிலியோடு என்னையும் சேர்த்து இழுத்தது. மணலில் குப்புற விழுந்தேன். மூக்குக்கண்ணாடி எங்கேயோ தெறித்துவிட்டது. யாரோ ஓடி வந்து முழங்கையைப் பிடித்துத் தூக்கி உட்காரவைத்து, கண்ணாடியைத் தேடி எடுத்து, மணலை ஊதிக் கையில் கொடுத்தார்கள். மாட்டிக்கொண்ட பிறகுதான் "சங்கிலி, என் சங்கிலி" என்று எனக்குக் குரலே வந்தது. அப்புறம் "கள்ளன், கள்ளன், பிடிச்சோ!" என்று கரை முழுக்க ஒரே கூச்சல். பழைய கடல்பாலம் பக்கம் ஓடிக்கொண்டிருந்த ஒருத்தனைப் பிடித்துவிட்டார்கள். "பாண்டியாணு, பாண்டி" என்று சொல்லிச் சொல்லி அடித்தார்கள், அண்ணா. தமிழ்க்காரனை இங்கே அப்படித்தான் வைகிறார்கள், நம் ஊர்ப்பக்கத்து ஆள் போலிருக்கிறது. தூரத்திலிருந்து எனக்கு அடிக்கிற கைகள்தான் தெரிந்தன. நன்றாக வேண்டும் என்றுதான் அப்போது இருந்தது.

சங்கிலி அவனிடம் இல்லை. கூட்டாளி கையில் மாற்றிவிட்டிருப்பான் என்று ஸ்டேஷனில் சொன்னார்கள். எழுத்துவேலை செய்யும் போலீஸ்காரர் "முகம் கண்டோ?" என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள், என்னைக் காரில் கூட்டிப்போன எங்கள் அசோசியேஷன் செக்ரட்டரி விபின், "கண்டு, கண்டு. அம்ம சரிக்கும் கண்டதா" என்று, நான் நன்றாகப் பார்த்ததாகவே சொல்லிவிட்டார். நானும் தலையை ஆட்டினேன்.

ஜானவியிடம் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. நீயே சொல்லிவிடு. வேளாவேளைக்குச் சாப்பிடு.

சீதா


புனே
25 ஜூலை 2025

சிரஞ்சீவி சீதாவுக்குப் பட்டாபியின் ஆசீர்வாதம்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். என் காதும் சௌக்கியம், எதையும் கேட்டு அது மனசைக் கெடுத்துக்கொள்வதில்லை. உன் முழங்காலுக்கு டெட்டனஸ் ஊசி போட்டாயா என்று எழுதவில்லையே.

சங்கிலி போனால் போகட்டும். ஜானவியிடம் சொன்னேன். "அத்தைப் பாட்டிக்கு ஒண்ணும் ஆகலியே, அது போதும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் அரைமணி நேரம் அழுதாள் என்று சுப்ரியா சொன்னாள். இரண்டுமே நிஜம்தான்.

இனி அடையாள அணிவகுப்புக்குக் கூப்பிடுவார்கள். ஏழெட்டு ஆட்களை வரிசையாக நிறுத்துவார்கள், நீ தொட்டுக் காட்ட வேண்டும். வஞ்சியூர் கோர்ட்டில் முப்பத்தோரு வருஷம் பெஞ்ச் கிளார்க்காக உட்கார்ந்தவன் சொல்கிறேன். கண்டதை மட்டும் சொல். சந்தேகமிருந்தால் தெரியவில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிடு, யாரும் உன்னைக் கடித்துத் தின்ன மாட்டார்கள். விபினைத் தலையாட்ட விடாதே. உன் தலையும் கொஞ்சம் சுலபமாக ஆடுகிற தலை.

மழைக்காலத்தில் நடை வேண்டாம். மொட்டைமாடியில் நட.

பட்டாபி


சங்குமுகம்
8 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு சீதாவின் நமஸ்காரங்கள்.

ஊசி போட்டாயிற்று. புண் ஆறி, பக்கு உதிர்ந்துவிட்டது. நீ மெஷினை டிராயரிலிருந்து எடுத்தாயா?

நேற்று ஜெயிலுக்குப் போய் வந்தேன். நம் குடும்பத்தில் ஜெயிலுக்குப் போன முதல் ஆள் நான்தான், பெருமைப்பட்டுக்கொள். மாஜிஸ்திரேட் சின்னப் பெண், ஜானவியைவிட நாலைந்து வயசுதான் மூத்திருப்பாள். ஒரு நீள வராந்தாவில் ஏழு பேரை நிறுத்தியிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே உயரம், ஒரே மாதிரி மீசை. முதல் நாலு பேரை எனக்குத் தெரியவே தெரியாது. ஐந்தாவது ஆளைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. இந்த முகத்தைப் பார்த்திருக்கிறேன், மிகக் கிட்டத்தில் பார்த்திருக்கிறேன் என்று பளிச்சென்று பட்டது. என்னைக் கண்டு அவன் சிரித்தான், அண்ணா. என்ன துணிச்சல்! கிட்டப் போய்த் தோளைத் தொட்டேன். என்னவோ முணுமுணுத்தான், சரியாகக் காதில் விழவில்லை. "இயாள் தன்னெயோ?", இவன்தானா என்று மாஜிஸ்திரேட் கேட்டாள். "அதெ" என்றேன். ஆமாம் என்றதும் அவ்வளவுதான், கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள்.

பெயர் செல்வகணேஷ். நாங்குநேரிப் பக்கமாம். இங்கே ஏதோ கட்டட வேலை.

வீட்டுக்கு வந்து இரண்டு தடவை கையைக் கழுவினேன். ஏனென்று கேட்காதே. ராத்திரி தோசை வார்த்தேன், இறங்கவில்லை. கல்யாணத்துக்குப் புடவை எடுத்தாயிற்றா என்று சுப்ரியாவை எழுதச் சொல்.

சீதா


புனே
20 ஆகஸ்ட் 2025

சிரஞ்சீவி சீதாவுக்கு ஆசீர்வாதம்.

நான் நலம். புடவை இன்னும் எடுக்கவில்லை, அம்மாவும் பெண்ணும் கலரில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். காது கேட்காததால் எனக்கு இரண்டு பேரும் வேண்டியவர்கள்.

உன் இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசித்தேன். பழைய தொழில் புத்தி. ஒரு இடத்தில் இடறுகிறது.

உன் கண்ணாடி மைனஸ் ஒன்பது. அது இல்லாவிட்டால் ரசத்தையும் சாம்பாரையும் மோந்து பார்த்துத்தான் பிரிப்பாய். இழுத்தவன் பின்னாலிருந்து இழுத்தான். நீ குப்புற விழுந்தாய், கண்ணாடி தெறித்தது. திரும்ப அது உன் கைக்கு வரும்போது கள்ளன் ஓடிவிட்டான். அப்படியானால் அவன் முகத்தை நீ எப்போது பார்த்தாய்? அதுவும் மிகக் கிட்டத்தில்?

இன்னொன்று. கண்ணாடியை எடுத்துக் கொடுத்தது யார்? போலீஸ் அந்த ஆளிடம் வாக்குமூலம் வாங்கியதா? அவன்தான் முதல் சாட்சி. ஆணா பெண்ணா என்றுகூட நீ எழுதவில்லை.

சாவகாசமாக யோசித்து எழுது. ராத்திரி தோசையெல்லாம் வேண்டாம், இரண்டு இட்லி சாப்பிடு.

பட்டாபி


சங்குமுகம்
10 செப்டம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்கு நமஸ்காரம். எல்லோரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, ஓணம் வந்துவிட்டதே. எங்கள் பிளாட்டில் இந்த வருஷம் ஏக அமர்க்களம். கீழே கார் நிறுத்துகிற இடத்தில் பத்தடிக்குப் பூக்களம் போட்டார்கள். சாலைக் கடைத்தெருவிலிருந்து பூ வந்தது. அடைப் பிரதமனில் வெல்லம் கூடுதல், ஆனாலும் இரண்டு தடவை வாங்கிக் குடித்தேன். வடம் இழுக்கிற போட்டியில் நாலாவது மாடிக்காரர் வழுக்கி விழுந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார். சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது.

சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு சின்ன மீட்டிங். விபின் மைக்கைப் பிடித்துக்கொண்டு என்னை மேடைக்குக் கூப்பிட்டார். "நம்மள் எல்லாவரும் பேடிச்சு வாதில் அடச்சு இரிக்கும்போள், ஈ அம்ம ஜெயிலில் போய் கள்ளனெ தொட்டு காணிச்சு" என்று, எல்லோரும் பயந்து கதவடைத்துக் கிடந்தபோது நான் ஒருத்தி கள்ளனைக் காட்டினதாகப் புகழ்ந்து பொன்னாடை போர்த்தினார். எல்லோரும் கை தட்டினார்கள். இனிமேல் வெளியூர்க் கூலிக்காரர் யாரும் கேட்டுக்குள் வரக்கூடாது, பெயிண்ட் வேலைக்கு வந்தாலும் ஆதார் கொடுத்துப் போட்டோ எடுத்தபின்தான் உள்ளே விடுவது என்று தீர்மானம் போட்டார்கள். அதற்கும் கை தட்டினார்கள். பொன்னாடை ஜரிகை கழுத்தில் குத்திக்கொண்டே இருந்தது.

கண்ணாடி விஷயம் ஒன்றும் பெரிதில்லை. கூட்டத்தில் யாரோ எடுத்துக் கொடுத்தார்கள்.

மூட்டுவலித் தைலம் தீர்ந்துவிட்டதா? இங்கே நல்லதாகக் கிடைக்கிறது, அனுப்பட்டுமா?

சீதா


புனே
22 செப்டம்பர் 2025

சிரஞ்சீவி சீதாவுக்கு ஆசீர்வாதம். தைலம் இருக்கிறது. மூட்டும் இருக்கிறது.

நீ மூன்று பக்கம் ஓணம் எழுதினாய். நான் கேட்டதற்கு ஒன்றரை வரி.

"யாரோ" என்று கூண்டில் நின்று சொல்கிறவர்களை முப்பத்தோரு வருஷம் முகத்துக்கு நேரே பார்த்தவன் நான். பாதிப் பேருக்கு அந்த யாரோவின் பெயர் தெரியும். நீ என் தங்கை, நான் குறுக்கு விசாரணை செய்யவில்லை. ஆனால் அந்த ஏழு பேரில் ஐந்தாவது ஆள் என்னவோ முணுமுணுத்தான் என்று எழுதியிருந்தாய். காது கேட்காதவன் நான், நீ இல்லை. என்ன சொன்னான்?

உடம்பைப் பார்த்துக்கொள். வெல்லம் கூடுதலான பிரதமனை இரண்டு தடவை குடிக்காதே, சர்க்கரை ஏறும்.

பட்டாபி


பொன்முடி எஸ்டேட் லயம்
6.10.2025

மதிப்புக்குரிய அம்மாவுக்குப் பொன்செல்வி கும்பிட்டு எழுதுவது. நீங்களும் உங்க பிள்ளைகளும் நல்லா இருக்கணும்.

நான் செல்வகணேஷ் சம்சாரம். உங்க விலாசம் எங்களுக்காக அரசாங்கம் வச்ச வக்கீல் தாசையன் சார் பேப்பர்ல இருந்துச்சு. அவருக்குத் தெரியாம எழுதுறேன், தப்புன்னா மன்னிச்சுக்கோங்க. போன் எங்க கிட்ட இல்ல, அவரு போன் ஸ்டேஷன்ல இருக்கு. கள்ளன் பொண்டாட்டிக்கு ரூம் இல்லன்னு ஓனர் சாமானை வெளிய வச்சிட்டாரு. நானும் எம் மவளும் பொன்முடியில எங்க சின்னம்மா மாடம்மாள் வீட்டுல இருக்கோம். தேயிலைக் காட்டுல வேலை. இங்கேருந்து ஜெயிலுக்கு வர பஸ் கம்மி, மாசம் ஒரு தடவைதான் அவரைப் பாக்க முடியுது.

அன்னிக்கு ஞாயித்துக்கிழமை, மவளுக்குக் கடல் காட்டக் கூட்டிட்டு வந்தோம். நீங்க விழுந்ததைப் பாத்துட்டு, பிள்ளைய எங்கையில குடுத்துட்டு ஓடுனாரு. உங்களைத் தூக்கி உக்கார வச்சு, மண்ணுல தடவிக் கண்ணாடிய எடுத்துக் குடுத்தாரு. நீங்க சங்கிலின்னு அழுததும் அவன் போன பக்கம் தொரத்திட்டு ஓடுனாரு. ஓடுறவனைப் பாத்துட்டுப் பிடிச்சிட்டாங்க. தமிழ்ல கத்துனது யாருக்கும் புரியல. நான் பிள்ளையோட ஓடி வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டு. அடிச்சதுல இடது காது கேக்கல. சீழ் வருது.

ஜெயில்ல நீங்க வந்தப்ப, கண்ணாடி குடுத்தவன் இவன்தான்னு சொல்லத்தான் தொட்டீங்கன்னு நெனச்சாராம். இன்னிக்கு விட்டுருவாங்கன்னு மத்தவங்க கிட்ட சொல்லிட்டு இருந்தாராம். உங்க மேல எங்களுக்குக் கோவம் இல்லம்மா. வயசானவங்க, பயத்துல தெரிஞ்சிருக்காது. ஜாமீனுக்கு இந்த ஊர்ல வரி கட்டின ரெண்டு பேரு வேணுமாம். எங்களுக்கு இங்க யாரு இருக்கா?

கண்ணாடி எடுத்துக் குடுத்ததை மட்டும் நீங்க கோர்ட்டுல சொன்னாப் போதும்.

இப்படிக்கு
பொன்செல்வி


புனே
3 நவம்பர் 2025

சீதாவுக்கு ஆசீர்வாதம்.

தீபாவளிக்கும் உன் கடிதம் வரவில்லை. கல்யாணமாகிப் போன வருஷத்திலிருந்து ஒரு தீபாவளி நீ தவறவிட்டதில்லை. அபிஜித்தைப் போன் பண்ணச் சொன்னேன். சௌக்கியம் என்று சொல்லி வைத்துவிட்டாயாம். கனடாவிலிருந்து உன் பிள்ளை ஸ்ரீநிவாஸ் பேசினானாம், அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை என்று வேலைக்காரி சொன்னாளாம்.

நான் கேட்ட கேள்வியை விட்டுவிடு. உடம்பு எப்படி இருக்கிறது, அதை மட்டும் எழுது.

பட்டாபி


சங்குமுகம்
14 நவம்பர் 2025

அண்ணா,

நமஸ்காரம். நீ நன்றாக இருக்க வேண்டும். உடம்புக்கு ஒன்றுமில்லை, இளைத்திருக்கிறேன். இதோடு ஒரு கடிதத்தின் ஜெராக்ஸ் வைத்திருக்கிறேன், அதை முதலில் வாசித்துவிட்டு இதற்கு வா.

வாசித்தாயா? வயசானவள், பயத்தில் தெரிந்திருக்காது என்று அந்தப் பெண் எழுதியிருக்கிறாள். எனக்குத் தெரியும், அண்ணா. ஜெயில் வராந்தாவில் நிற்கும்போதே தெரிந்துவிட்டது.

உனக்கு இது எப்படி நடந்ததென்று சொல்கிறேன். நான் விழுந்து, கண்ணாடி திரும்பக் கைக்கு வந்து, மாட்டிக்கொண்டவுடன் முதன்முதலில் தெளிவாகத் தெரிந்த முகம் ஒன்று. ஒரு சாண் தூரத்தில். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது, மீசையில் மணல் இருந்தது. அந்த முகம் உள்ளே பதிந்துபோயிருக்கிறது. அது யார் முகம் என்று யோசிக்க எனக்கு அவகாசமே கிடைக்கவில்லை. ஸ்டேஷன், விபின், நோட்டீஸ், எல்லோரும் "கள்ளன் முகம் அம்மைக்கு அறியாம்" என்று, எனக்குத் தெரியும் என்றே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். எனக்குத் தெரிந்தது ஒரே முகம். அதனால் அதுதான் கள்ளன் முகம் என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். இதுவரைக்கும் தப்புதான், பாவமில்லை என்று சொல்லிக்கொள்ளலாம்.

ஜெயிலில் என்னைப் பார்த்ததும் அவன் சிரித்தான் என்று எழுதினேனே, தெரிந்தவர்களைப் பார்த்தால் சிரிக்கிற சிரிப்பு அது. நான் தோளைத் தொட்டேன். அவன் முணுமுணுக்கவில்லை. நன்றாகவே கேட்டான்.

"அம்மா, கண்ணாடி ஒடையலியே?"

அந்த க்ஷணமே எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. கை அவன் தோளில்தான் இருக்கிறது. மாஜிஸ்திரேட் அவனைப் பேசாதே என்று அதட்டிவிட்டு என்னிடம் "இயாள் தன்னெயோ?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல ஒரு நிமிஷம் இருந்தது. வெளியே போலீஸ் ஜீப். விபின் ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டு எனக்காகக் காரில் உட்கார்ந்திருக்கிறார். ஏழு பேர், சூப்பிரண்டு, அந்தச் சின்னப் பெண், எல்லோரும் என் வாயையே பார்க்கிறார்கள். இத்தனை பேரை இவ்வளவு தூரம் இழுத்தடித்துவிட்டு இப்போது தெரியாது என்று எப்படிச் சொல்வது என்று வெட்கமாக இருந்தது. வெட்கம்தான், அண்ணா. பயம்கூட இல்லை. "அதெ" என்றேன்.

முப்பது வருஷம் செக்ரட்டேரியட்டில் டைப் அடித்தேன். ஒரு எழுத்து தப்பினால் முழுத் தாளையும் கிழித்துப் போட்டு மறுபடி அடிப்பேன். இதை மட்டும் மூன்று மாசமாகக் கிழிக்காமல் வைத்துக்கொண்டு, ஓணம், பிரதமன் என்று உனக்குக் கதை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

நான் என்ன செய்ய?

சீதா


புனே
25 நவம்பர் 2025

என் அன்பான சீதாவுக்கு ஆசீர்வாதம்.

உன் கடிதத்தை ஜானவிக்கோ சுப்ரியாவுக்கோ காட்டவில்லை. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று தெரிந்தால் எனக்குத் தூக்கம் வரும்.

கேள். ஒன்றும் செய்யாதே. கோர்ட்டில் கேட்டால் ஞாபகமில்லை என்று சொல். வயசாகிவிட்டது, முகம் மறந்துவிட்டது என்று சொல். யாரும் உன்னைக் குற்றம் சொல்ல மாட்டார்கள். சங்கிலி அவனிடம் அகப்படவில்லை, வேறு சாட்சியும் உருப்படியாக இல்லை. வழக்கு தானாக விழுந்துவிடும். கொஞ்சம் நாளாகும், அவ்வளவுதான். அன்றைக்கே தெரியும், தெரிந்தும் சொன்னேன் என்று நீயாகப் போய் நின்றாயானால் பொய்ச்சாட்சி என்று உன்மேலேயே திருப்புவார்கள். தனியாக இருக்கிறவள். ஜானவி கல்யாணம் ஏப்ரலில். சம்பந்தி வீட்டார் பேப்பரில் வாசித்தால் என்ன நினைப்பார்கள்?

கண்டதை மட்டும் சொல் என்று ஜூலையில் உபதேசம் பண்ணினவன் இதை எழுதுகிறேன். எனக்கே கை கூசுகிறது. ஆனால் நீ என் தங்கை, அவன் யாரோ.

அந்தப் பையனுக்கு இடது காது என்றுதானே எழுதியிருக்கிறது? சீழ் வருகிறதென்றால் தாமதிக்கக் கூடாது. ஜெயில் டாக்டரிடம் காட்டி, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி வாங்கச் சொல்லித் தாசையன் வக்கீலிடம் சொல்லச் சொல். எனக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு வருஷம் போனால் அப்புறம் எந்த மெஷினும் உதவாது.

நான் சொன்னபடி செய். செய்யாவிட்டாலும் எழுது.

பட்டாபி


சங்குமுகம்
17 பிப்ரவரி 2026

அன்புள்ள அண்ணாவுக்கு உன் சொல் கேளாத தங்கையின் நமஸ்காரங்கள்.

சுப்ரியாவின் சளி சரியாகிவிட்டதா? கல்யாணப் பத்திரிகை வந்தது, ஜானவியின் பெயர் அச்சில் அழகாக இருக்கிறது.

ஜனவரி கடைசியில் கோர்ட்டில் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். நீ எழுதிக் கொடுத்த "ஞாபகமில்லை"யை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் போனேன். கூண்டில் நின்று பார்த்தால், எதிரே அவன் தலையைச் சாய்த்து வலது காதை என் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு நிற்கிறான். நீ சாப்பாட்டு மேஜையில் எங்களிடம் திருப்புவாயே, அதே மாதிரி. எனக்கு வேறு வார்த்தை வரவில்லை. "இவர் கள்ளன் இல்லை. என்னைத் தூக்கிவிட்டவர். அன்றைக்கே எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். மாஜிஸ்திரேட், இவர் வேறொருவர், பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். என்மேல் நடவடிக்கை எடுப்பதைப் பற்றிப் பிறகு சொல்வதாகச் சொன்னார். எடுக்கட்டும். தாசையன் வக்கீலிடம் காதைப் பற்றி நீ எழுதினதைச் சொன்னேன். முன்பே காட்டிவிட்டார்களாம், காலம் கடந்துவிட்டது என்றார்களாம்.

பிளாட்டில் இப்போது நான் லிப்டில் ஏறினால் மற்றவர்களுக்குப் படியில் நடக்கத் தோன்றுகிறது. விபின் மட்டும் வாசலில் நிறுத்தி, "அம்ம எந்தினா இங்ஙனெ செய்தது?", ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டார். அவர் குரலில் கோபத்தைவிட வருத்தம்தான் இருந்தது. எனக்காக அலைந்த மனுஷன். பொன்னாடையை மடித்து அவர் கையில் கொடுத்தேன்.

தீர்ப்பு நேற்று. விடுதலை. ஏழு மாசம் ஜெயிலில் இருந்தாயிற்று. நான் ஆட்டோ பிடித்துப் போயிருந்தேன். ஒரு தடவை நேரே பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும், அவ்வளவுதான் என் எண்ணம். வெளியே படிக்கட்டுக்குக் கீழே அவனும் பொன்செல்வியும் அந்தக் குழந்தையும் நின்றார்கள். குழந்தைக்கு மூன்று வயசிருக்கும். அப்பாவிடம் போகாமல் அம்மா புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தது. எங்கே பஸ்ஸுக்குக் கிளம்பிவிடுவார்களோ என்று நான் அவசர அவசரமாக இறங்கினேன். கடைசிப் படி தப்பிவிட்டது. அவன் காலடியில்தான் விழுந்தேன். கண்ணாடி தெறித்துவிட்டது.

இரண்டு கை தூரம் இருக்காது, அண்ணா. குனிந்தால் தொடலாம். எனக்குக் கண் தெரியவில்லை, ஒரு வெள்ளைச் சட்டை மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அது பின்னால் போயிற்று. ஒரு அடி, இன்னொரு அடி. இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, பெரிய சத்தமாகக் கத்தினான்.

"யாராச்சும் வாங்க! அம்மா விழுந்துட்டாங்க! நான் தொடல சார், நான் தொடவே இல்ல!"

போலீஸ்காரர்களைப் பார்த்துத்தான் கத்தினான். திரும்பத் திரும்ப அதையே சொன்னான். குழந்தை வீறிட்டு அழுதது. பொன்செல்விதான் வந்து கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினாள், கண்ணாடியை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்துக் கொடுத்தாள். மாட்டிக்கொண்டு பார்த்தபோது அவன் கேட்டுக்கு வெளியே நின்றிருந்தான். கை இன்னும் பின்னால்தான் இருந்தது. மன்னித்துவிடு என்று சொன்னேன். வலது காதுப் பக்கம் நான் இல்லை, கேட்டிருக்காது. அவர்கள் போய்விட்டார்கள்.

லிப்டில் அந்த நோட்டீஸ் இன்னும் இருக்கிறது. நகை போட்டுக்கொண்டு நடக்காதீர்கள், அந்நியரிடம் பேசாதீர்கள். இந்தக் கரையில் இனி ஒரு கிழவி விழுந்தால் தூக்க ஓடி வருகிறவன் ஒருத்தன் குறைவு. அவனை இல்லாமல் பண்ணினவள் நான். எந்தக் கள்ளனும் இவ்வளவு எடுத்துக்கொண்டு போனதில்லை.

எனக்கு அடி பலமில்லை, உள்ளங்கையில் மட்டும் தோல் உரிந்திருக்கிறது. கண்ணாடியில் இடது பக்கம் விரிசல். ஒடையலியே என்று இந்தத் தடவை யாரும் கேட்கவில்லை. மாற்றாமல் அதையேதான் போட்டுக்கொண்டு எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். குளிரில் வெளியே போகாதே, மெஷினை எடுத்து மாட்டிக்கொள், அண்ணா.

சீதா